பதினேழாம் தீர்மானம்

கோனாவில், கடலைப் பார்க்காத ஒரு மண்டபம்.
ஏசி குளிரில் முன்னூறு பேர்.
மன்றத்துக்கு ஒரு நிறம்.
மொலோகாய்க்காரர்களுக்குப் பச்சைச் சட்டை,
ஹீலோவுக்குச் சிவப்பு.
லாஸ் வேகாஸிலிருந்து வந்த ஒன்பது பேருக்குத்
தைத்துவர நேரமில்லை,
வெள்ளை டீ-சர்ட்டில்
இஸ்திரிப் பெட்டி வைத்து ஒட்டிய பெயர்.

காலையில் பதினாறு தீர்மானங்கள் நிறைவேறின.
கழிவுநீர், பள்ளிப் பேருந்து,
முன்னோர் எலும்பு கிடக்கும் மேட்டில்
கோல்ஃப் வேண்டாம் என்பது.
"ஆதலால்" என்று தொடங்கும் வரிகள்
எறும்புச் சாரையாய் ஊர்ந்துகொண்டிருந்தன.
தலைமை நாற்காலியில் உலுலானி காஐஹூவே.
சுத்தியலைத் தொடவே இல்லை.
கண்ணாடியைக் கழற்றினால் போதும்,
கூட்டம் அடங்கிவிடும்.

பதினேழாவது,
கரைக்கு இறங்கும் ஒரு பாதை.
வேலி போட்டுவிட்டார்கள்,
கவுன்ட்டி திறந்துவிட வேண்டும்.
யாருக்கும் மறுப்பில்லை.
பின்கதவு வழியே சோற்று மணம் வேறு.
வாக்கு அட்டைகள் பாதி உயர்ந்துவிட்டன.

மூன்றாம் மைக்கில் வெஸ்லி பாய்கூலி.
"ஓர் எழுத்துப் பிழை, தலைவர் அவர்களே."

"அதைச் செயலாளர் பார்த்துக்கொள்வார்,
சாப்பாடு ஆறுகிறது" என்றார் முன்வரிசைக்காரர்.
சிரிப்பு.
தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"இரண்டு நிமிடம்."

பிழை இதுதான்.
தலைப்பில் ஹவாய் மொழியில் இரண்டே சொல்.
கோ என்று தொடங்கித்
தொண்டையைச் சட்டென்று அடைத்துத் திறந்து
உ என்றால், என் நிலம்.
அடைக்காமல் வழுக்கிக்கொண்டு போனால்,
உன் நிலம்.
அந்த அடைப்புக்கு ஒரு குறி உண்டு, ஓகினா.
தலைகீழாய்த் தொங்கும் காற்புள்ளி மாதிரி.
தெல்மா நாஹூலூவின் கணினி
அதை விழுங்கிவிட்டது.

நமக்கு இது புரியும்.
புள்ளி விழாவிட்டால் கல்வி என்னவாகும் என்று
வகுப்பில் வாயைப் பொத்திச் சிரித்தவர்கள் நாம்.
ஓலை கிழியுமே என்று
புள்ளியே வைக்காமல் விட்டுப்
படிப்பவன் பார்த்துக்கொள்வான் என்று நம்பினார்கள்
நம் ஏடெழுதிகள்.

வெஸ்லி அப்படி நம்புகிறவர் இல்லை.
"பதினோரு வருஷமாய் நெவாடாவில்
சீட்டுப் பிரித்துப் போடுகிறேன்.
ராத்திரிக்கு எட்டு மணி நேரம்.
இது உங்களுடையது, இது உங்களுடையது,
இது உங்களுடையது.
என் பக்கம் விழுவதும் கம்பெனிக்கு.
வாடகை கட்ட முடியாமல் போனவன்தான் நான்,
மறைக்கவில்லை.
ஆனால் உங்கள் நிலம் என்று
நம் மொழியிலேயே எழுதி
நாமே கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமா?"

நாற்பது வினாடி மிச்சம் வைத்து உட்கார்ந்தார்.

பிறகு நடந்தது அழகாக இல்லை.
நெடில் கோடும்தான் விட்டுப்போயிருக்கிறது என்றார் ஒருவர்.
திருத்தத்துக்கு ஒரு திருத்தம்.
மாவியிலிருந்து வந்த ஆசிரியை,
அந்தக் காலத்தில் குறியே இல்லாமல்
நாளிதழ் நடத்தினார்களே என்றார்.
அதுவும் சரிதான்.
"அவர்களுக்குப் பக்கத்து வீட்டிலும்
அதே பேச்சு இருந்தது"
என்றது வெள்ளை டீ-சர்ட்டுகளில் ஒன்று.

சோறு ஆறியே போய்விட்டது.
ஆதரவு இருநூற்று முப்பத்தொன்று.
எதிர்ப்பு ஆறு.
நடுநிலை ஒன்று, தெல்மா.

மாலையில் பாட்டுப் போட்டி.
தெல்மா போகவில்லை.
ஹோட்டல் பிரின்டரில் மை தீர்ந்திருந்தது.
காலி மண்டபத்தில் மேசை மேசையாய் நடந்து
பேனாவால் ஒவ்வொரு பிரதியிலும் குறி இட்டார்.
சுவருக்கு அப்பால்
அந்தச் சொல் வரும்போதெல்லாம்
அத்தனை தொண்டையும் ஒருகணம் அடைத்துத் திறந்தது.
அவர் பேனா அதோடு சேரப் பார்த்து
முந்தி முந்திப் போனது.

வேகாஸ் மேசையில் கிடந்த பிரதியில்
குறி ஏற்கெனவே இருந்தது.
அழுத்தி வைத்த குறி.
தாள் கிழிந்து
கீழே வெள்ளை விரிப்பில்
நீலமாய் ஒரு துளி.